செஸ் ரேட்டிங்குக்கு உச்சவரம்பு உண்டா? மகள் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை

அடிவாரம்_அப்பா எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தோம். மகளுக்கு 12 வயது, கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். 20-வது முடிந்ததும் கேட்டாள்: “வளைவு 20-ல முடிஞ்சிடுச்சு. செஸ் ரேட்டிங் எதுலப்பா முடியும்?”

3000 என்றேன். ஏன் 3000 என்றாள். அங்கேயே மாட்டிக்கொண்டேன். முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் 2014 மே மாதப் பட்டியலில் 2882 தொட்டார், அதற்கு மேல் இன்றுவரை எந்த மனிதரும் போகவில்லை, 3000 முழு எண்ணாக இருக்கிறது, அவ்வளவுதான் என் ஆதாரம். சேலம் அஸ்தம்பட்டி வந்து சேரும்வரை அவள் என்னை நம்பாத முகத்தோடே உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விதிப்படி ஏதாவது வரம்பு உண்டா? இல்லை கணக்குப்படி?

குகை_சிப்பாய் எழுதியது:

எனக்கு வரம்பு 1530. மூன்று வருடமாகச் சோதித்துப் பார்த்துவிட்டேன், உறுதியாகச் சொல்லலாம்.

பன்னிரண்டு_கோர் எழுதியது:

3000 எப்போதோ தாண்டியாயிற்று அண்ணா, மனிதர்தான் தாண்டவில்லை. செஸ் ஆடும் கணினி நிரலான ஸ்டாக்ஃபிஷ், என்ஜின் பட்டியல்களில் 3600-க்கு மேல் நிற்கிறது. வருடா வருடம் புதுப் பதிப்பு வரும்போது இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. வன்பொருள் வளர வளர 4000, 5000 என்று போகும். வரம்பே கிடையாது என்று பாப்பாவிடம் சொல்லுங்கள்.

கொலுசுக்கடை எழுதியது:

எனக்கு செஸ் டீக்கடை அளவுதான் தெரியும், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கு ‘டச்’ பார்ப்போம். 80 டச், 92 டச் என்று போகும், ஆனால் 100-க்கு மேல் டச் என்று ஒன்று இல்லை. சுத்த வெள்ளிக்கு மேல் சுத்தம் எங்கே இருக்கிறது? அதே வெள்ளியின் எடைக்கு அப்படி வரம்பு கிடையாது, எத்தனை கிலோ வேண்டுமானாலும் இருக்கலாம். ரேட்டிங் என்பது டச்சா, எடையா? அதைச் சொன்னால் பாப்பாவின் கேள்விக்குப் பதில் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

காப்பித்தோட்டம் எழுதியது:

கொலுசுக்கடைக்காரரே, 31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன், இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் வகுப்பில் கேட்டதில்லை. பதில்: இரண்டும் இல்லை.

ஏற்காடு 1515 மீட்டர் உயரம் என்கிறோம். சேலம் ஏறக்குறைய 280. இரண்டும் கடல் மட்டத்திலிருந்து அளந்தவை. அர்பாட் எலோ உருவாக்கிய அளவுகோலில் கடல் மட்டமே கிடையாது. அவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் நடத்திய பேராசிரியர். அவர் முறையை அமெரிக்கச் செஸ் சங்கம் 1960-இலும் உலகச் செஸ் சங்கமான ஃபிடே 1970-இலும் எடுத்துக்கொண்டன. அந்த முறை அளப்பது இரண்டு பேருக்கு நடுவில் உள்ள இடைவெளியை மட்டும்தான். ‘ஏற்காடு சேலத்தைவிட 1235 மீட்டர் மேலே’ என்று சொல்லும், ஏற்காடு எத்தனை மீட்டர் என்று அதனிடம் கேட்டால் விழிக்கும். பழைய அமெரிக்க வரிசையோடு ஒத்துப்போக வேண்டும் என்று எலோ 2000 என்ற எண்ணை நல்ல கிளப் ஆட்டக்காரர்களின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். 20,000 என்று வைத்திருந்தால் கார்ல்சன் இன்று 20,882. ஆட்டத்தில் ஒரு சிப்பாய்கூட இடம் மாறியிருக்காது.

இடைவெளியின் கணக்கு எளிது. பத்து ஆட்டத்தில் ஏழரைப் புள்ளி எடுக்கிறீர்கள் என்றால் 3-க்கு 1. அது 191 ரேட்டிங் புள்ளி. அதை ஒரு படி என்று வையுங்கள். இரண்டு படி மேலே இருப்பவர் 9-க்கு 1, மூன்று படி என்றால் 27-க்கு 1. படிகளைக் கூட்டினால் விகிதங்கள் பெருக்கிக்கொண்டே போகும், அவ்வளவுதான் சூத்திரம். ஃபிடே பட்டியலின் தரைமட்டமான 1400-இலிருந்து 2882 வரை எத்தனை படி? ஏழே முக்கால்.

பன்னிரண்டு_கோர் எழுதியது:

மாஸ்டர், ஒரு சின்ன எதிர்ப்பு. கடல் மட்டம் இல்லை, சரி. ஆனால் மேலே வானம் இருக்கிறதே? குற்றமே இல்லாத ஆட்டம் என்று ஒன்று உண்டு. அதற்கு மேல் யாராலும் ஆட முடியாது. அதுதான் 100 டச். செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தை 2007-இல் ஜோனதன் ஷேஃபரின் குழு முழுக்கத் தீர்த்துவிட்டது: இரண்டு பக்கமும் சரியாக ஆடினால் டிரா. செஸ்ஸில் ராஜாக்களையும் சேர்த்து பலகையில் 7 காய் மிச்சமிருக்கும்வரை எல்லா நிலைக்கும் விடை கணினியில் இருக்கிறது. 32 காய்க்கும் விடை தெரிந்த ஒருவர் வந்தால் அவர் ரேட்டிங்தான் உச்சவரம்பு.

காப்பித்தோட்டம் எழுதியது:

அப்படி ஒருவர் வந்தார் என்றே வைப்போம். பெயர் முழுவிடையார். அவருக்கு என்ன ரேட்டிங் போடுவீர்கள்?

பன்னிரண்டு_கோர் எழுதியது:

தோற்கவே மாட்டாரே, முடிவிலிதான்.

காப்பித்தோட்டம் எழுதியது:

தோற்க மாட்டார். ஆனால் டிரா ஆகுமே! செஸ் சரியாக ஆடினால் டிரா என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறோம். நிரூபணம் இல்லை, ஆனாலும் என்ஜின்கள் பலமாக ஆக ஆக டிராதான் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே முழுவிடையாரிடம் எதிராளி எப்போதாவது தப்பிப்பார். 2014 மே மாதத்துக் கார்ல்சனை அவர் எதிரில் உட்கார வைப்போம்.

5 ஆட்டத்தில் ஒன்றைக் கார்ல்சன் டிரா செய்கிறார் என்றால், டிராவுக்கு அரைப் புள்ளி என்பதால் முழுவிடையாருக்கு 90 சதவீதம். இடைவெளி 382. ரேட்டிங் 3264.

50-இல் ஒன்று டிரா என்றால் 99 சதவீதம். இடைவெளி 798. ரேட்டிங் 3680.

500-இல் ஒன்று என்றால் 4082.

முழுவிடையார் மூன்று வரியிலும் ஒரே ஆள், ஒரே 100 டச். எண் மாறுவது எதிராளி எத்தனை தடவை தப்பிக்கிறார் என்பதை வைத்துத்தான். டிரா பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் கூரை 400 புள்ளி உயர்கிறது. கூரை முழுவிடையாரின் தலைக்கு மேலே இல்லை, எதிரில் இருப்பவர் கையில் இருக்கிறது.

கொலுசுக்கடை எழுதியது:

ஆக, இது டச் இல்லை. இரண்டு கட்டியை ஒரே உரைகல்லில் உரசி எது கூடுதல் என்று பார்க்கிற வேலை. உரைகல்லுக்கு 100 என்று எண் தெரியாது.

காப்பித்தோட்டம் எழுதியது:

அதேதான்.

நடுவர்_நாலுரோடு எழுதியது:

கணக்கெல்லாம் அழகாக இருக்கிறது. போட்டி அறையில் சூத்திரம் ஓடாது, அட்டவணைதான் ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்பா ‘விதிப்படி’ என்றும் கேட்டார்.

ஃபிடே விதியில் ‘இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது’ என்று எந்த எண்ணும் இல்லை. ஆனால் இடைவெளிக்கான அட்டவணையில் 735-க்கு மேல் போனால் எதிர்பார்ப்பு, அதாவது ஒரு ஆட்டத்தில் நீங்கள் எடுப்பீர்கள் என்று கணிக்கும் புள்ளி, முழு 1. அதாவது ஜெயித்தாலும் பூஜ்யம்தான் கிடைக்கும். அப்படியென்றால் உங்கள் எதிராளியைவிட 735-க்குச் சற்று மேலே போனதும் ஏணி நின்றுவிடும். இதை ஒருவகை உச்சவரம்பு என்று சொல்லலாம்.

ஆனால் அதற்குள் ஒரு ஓட்டை இருந்தது. 400-க்கு மேற்பட்ட இடைவெளியை 400 என்றே கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு விதி. 400 என்றால் எதிர்பார்ப்பு 0.92. ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் எத்தனை புள்ளி மாறலாம் என்பதைச் சொல்லும் கே காரணி மேல்தட்டு ஆட்டக்காரருக்கு 10, ஆகவே எவ்வளவு பலவீனமான ஆளை ஜெயித்தாலும் 0.8 புள்ளி உறுதி. நூறு வெற்றிக்கு 80 புள்ளி. எதிரில் யார் இருந்தால் என்ன? இந்த விதி மட்டும் இருந்த காலத்தில் கணக்குப்படி உச்சவரம்பே கிடையாது. தினமும் புதுமுகங்களை ஜெயித்துக்கொண்டே 5000 போகலாம், தவறிக்கூட டிரா ஆகாமல் இருந்தால். உலகத் தரத்தில் இருப்பவர்கள் யாரும் கலந்துகொள்ளக்கூடிய சின்னச் சின்ன ஓப்பன் போட்டிகளில் இறங்கி இப்படி அறுவடை செய்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. 2025 அக்டோபர் 1 முதல் 2650-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகையை ஃபிடே எடுத்துவிட்டது. இப்போது அவர்களுக்கு உண்மையான இடைவெளிதான் கணக்கு.

நமக்கெல்லாம் 400 விதி இன்னும் உண்டு. அது மேலே இருப்பவர் குழந்தைகளிடம் தோற்றால் அடி கொஞ்சம் தணிவதற்காகவும்தான். சேலத்தில் 1450 போட்டுக்கொண்டு வரும் பத்து வயதுப் பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு என்று எங்களுக்குத்தானே தெரியும்.

குகை_சிப்பாய் எழுதியது:

எனக்கும் தெரியும். போன மாதம் ஒரு 1450 என்னை 22 நகர்த்தலில் முடித்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டது.

நடுவர்_நாலுரோடு எழுதியது:

இன்னொரு சம்பவமும் இங்கே பொருந்தும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலச் சிறையில் ஆயுள் கைதியாக இருந்தவர் கிளாட் பிளட்குட். உள்ளே கைதிகளுக்கு நடுவில் போட்டிகள் நடத்தினார், ஆயிரக்கணக்கான ஆட்டங்கள். வெளியாட்கள் யாரும் வராத குளம் அது. 1996 வாக்கில் அவருடைய அமெரிக்க ரேட்டிங் 2700-ஐத் தாண்டி நாட்டிலேயே இரண்டாவதாக நின்றது. கிராண்ட்மாஸ்டர்கள் பலர் அவருக்குக் கீழே! திட்டமிட்டுச் செய்தார் என்று ஒரு கட்சி, முறையின் ஓட்டையைச் சங்கத்துக்கு அவரே எச்சரித்தார் என்று இன்னொரு கட்சி. எப்படியோ, குளத்துக்குள் இருக்கிற தண்ணீரைத்தான் ரேட்டிங் அளக்கிறது, பக்கத்துக் குளத்தின் மட்டம் அதற்குத் தெரியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பன்னிரண்டு_கோர் எழுதியது:

சரி, அப்படியானால் நான் சொன்ன 3600-உம் அந்தச் சிறைக் குளம்தானா?

நடுவர்_நாலுரோடு எழுதியது:

அவ்வளவு மோசமில்லை, ஆனால் தனிக் குளம்தான். என்ஜின்கள் என்ஜின்களோடு ஆடி வாங்கிய எண் அது. அதோடு, ஆரம்ப நிலையிலிருந்து ஆடவிட்டால் எல்லாம் டிராவாகிவிடும் என்பதால் என்ஜின் போட்டிகளில் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த திறப்புகளைக் கொடுத்து ஆடவைக்கிறார்கள். தபால்வழிச் செஸ்ஸைப் பாருங்கள். அங்கே என்ஜின் உதவிக்கு அனுமதி உண்டு, யோசிக்க நாள்கணக்கில் நேரம். மேல்மட்டத்தில் கிட்டத்தட்ட எல்லா ஆட்டமும் டிரா. உலகத்திலேயே துல்லியமான செஸ் அங்கேதான் நடக்கிறது. ரேட்டிங்கோ வானத்துக்குப் போவதற்குப் பதில் எல்லோருக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எல்லோரும் 100 டச்சை நெருங்கினால் உரைகல்லில் வித்தியாசமே விழாது.

பன்னிரண்டு_கோர் எழுதியது:

இதை நான் யோசிக்கவே இல்லை. ஆட்டம் நன்றாக ஆக ஆக எண்ணுக்கு ஏற இடமில்லாமல் போகிறது. 5000-ஐ வாபஸ் வாங்குகிறேன். 4000-ஐ மட்டும் வைத்துக்கொள்கிறேன், அது ஆசைக்கு.

கொலுசுக்கடை எழுதியது:

படி கணக்கு எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் தாயம் ஆடும்போது யோசித்தேன். எங்கள் அத்தைதான் தெருவிலேயே பெரிய கை. அவர்களே பத்தில் ஆறு ஆட்டம்தான் ஜெயிப்பார்கள், மிச்சம் கட்டை செய்யும் வேலை. அப்படியென்றால் தாயத்தில் முழுசாக ஒரு படிகூடக் கிடையாதா?

காப்பித்தோட்டம் எழுதியது:

பத்தில் ஆறு என்றால் 70 புள்ளி. ஒரு படிக்கு 191, ஆகவே உங்கள் அத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு படி. தாயத்துக்கு உலக சாம்பியன் வைத்தாலும் எண் பெரிதாக ஏறாது, அதிர்ஷ்டம் ஏணியை வெட்டிவிடுகிறது. ஆடுபுலி ஆட்டத்தில் அதிர்ஷ்டம் இல்லை, ஆனால் பலகை சின்னது, நாலைந்து வருடம் ஆடிய ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுவார்கள். செஸ்ஸில் ஏழே முக்கால் படி ஏறியும் ஏணி முடிந்தபாடில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இந்த இழையில் கேட்டதற்கு நேரடியான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். மனிதர்களில் ஒருவர் 3073 போக வேண்டும் என்றால், 2014-இன் கார்ல்சன் தரத்தில் ஒரு கூட்டம் இருக்க வேண்டும், அந்தக் கூட்டத்திடம் இவர் பத்துக்கு ஏழரை எடுக்க வேண்டும். நடுப்படி காலியாக இருந்தால் மேல்படியில் நிற்க முடியாது.

அடிவாரம்_அப்பா எழுதியது:

மாஸ்டர், அப்படியானால் கார்ல்சனுக்கு 2900 கிடைக்காததற்கும் இதுதான் காரணமா? உலக சாம்பியன் பட்டத்தை விட்டுவிட்டு அதைத்தான் இலக்கு என்று 2022-இல் சொன்னார்.

நடுவர்_நாலுரோடு எழுதியது:

பெரும்பாலும். 2882-இல் நின்று 2750 ஆட்களோடு ஆடுகிறார் என்று வையுங்கள். அட்டவணைப்படி எதிர்பார்ப்பு 0.68. ஜெயித்தால் 3.2 ஏறும். டிரா ஆனால் 1.8 இறங்கும். தோற்றால் 6.8 போச்சு. ஒரு தோல்வியை அடைக்க இரண்டு வெற்றியும் போதாது. பத்து ஆட்டத்தில் தோற்காமல் 7 புள்ளி எடுத்து ஒரு பெரிய போட்டியையே ஜெயித்துவிட்டு வந்தால் மொத்த லாபம் 2. அவருக்கு வேண்டியது 18.

காப்பித்தோட்டம் எழுதியது:

இதோடு 1972 ஃபிடே பட்டியலையும் பார்க்கலாம். அமெரிக்காவின் ஃபிஷர் 2785. இன்றைக்கு அந்த எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, 2024 டிசம்பர் பட்டியலில் நம் அர்ஜுன் எரிகைசியே 2801. ஆனால் ஃபிஷருக்கு அடுத்து நின்ற சோவியத்தின் ஸ்பாஸ்கி 2660. நடுவில் 125 புள்ளிப் பள்ளம்! கார்ல்சன் 2882-இல் நின்றபோது அடுத்தவருக்கும் அவருக்கும் 70-க்கும் குறைவுதான். யார் பெரியவர் என்ற சண்டைக்கு நான் வரவில்லை, ஏற்காட்டில் மழை பிடித்துவிட்டது, நெட்டும் சரியில்லை. ஒன்று மட்டும்: அப்போது ஃபிஷருக்கு எண்ணைத் தரப் பக்கத்தில் ஆள் இல்லை.

குகை_சிப்பாய் எழுதியது:

எண் ஏறுவதற்கு எளிய வழியை யாரும் சொல்லவில்லை. 2024 மார்ச் 1 அன்று ஃபிடேவே ஏற்றிக் கொடுத்ததே. 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதம் இலவசம்.

அடிவாரம்_அப்பா எழுதியது:

ஆமாம்! மகள் அப்போது 1210. 790 குறைவு, அதில் 40 சதவீதம் 316. தூங்கப் போனபோது 1210, எழுந்தபோது 1526. பக்கத்து வீட்டுக்கெல்லாம் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். அவள்தான் “நான் ஒண்ணுமே ஆடலையேப்பா” என்றாள். கடல் மட்டம் இல்லை என்று மாஸ்டர் சொன்னது இப்போதுதான் முழுசாக உறைக்கிறது.

காப்பித்தோட்டம் எழுதியது:

தட்டுவடை செட்டுக்குக் காரணம் தேவையில்லை.

அப்பாவுக்கு ஒரு கடைசிக் கணக்கு, பாப்பாவிடம் கொடுங்கள். அட்டவணை, விதி எல்லாவற்றையும் மறந்துவிட்டு வெறும் சூத்திரம். கே 10. எதிரில் ஒரே தரத்தில் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல் ஜெயித்துக்கொண்டே இருக்கிறோம். சமமாகத் தொடங்கி 400 மேலே போக ஏறக்குறைய 200 ஆட்டம். 400-இலிருந்து 800 போக 1600 ஆட்டம். 800-இலிருந்து 1200 போக 15,700. தினம் ஒன்று ஆடினால் அந்த மூன்றாவது கட்டத்துக்கு மட்டும் 43 வருடம். அடுத்த 400-க்கு அதைப்போல் பத்து மடங்கு. சுவர் எங்கேயும் இல்லை, ஏற்றம்தான் நீண்டுகொண்டே போகிறது.

அடிவாரம்_அப்பா எழுதியது:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இழையை முழுசாக மகளிடம் படித்துக் காட்டினேன். முழுவிடையார் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டாள். 43 வருடம் என்றதும் சிரித்தாள். பிறகு சமமாகத் தொடங்கி முதல் 200 ஆட்டத்தையாவது ஆடிப் பார்ப்போம் என்று தம்பியை உட்கார வைத்தாள். அவனுக்கு 8 வயது, ரேட்டிங் கிடையாது, இருவருக்கும் 1500 என்று அவளே எழுதிக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளி கூட்டினாள். இவள் ஏறினால் அவனுக்கு அதே அளவு இறங்கும்.

ஒன்பதாவது ஆட்டத்தில் இவள் 1540, அவன் 1460. அத்தோடு அவன் எழுந்து வெளியே பம்பரம் விடப் போய்விட்டான், இனிமேல் வரவே மாட்டானாம். ஏணி 1540-இல் நிற்கிறது. குளத்துக்கு ஆள் வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். அஸ்தம்பட்டிப் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் ஆட யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள், பலகையும் கடிகாரமும் எங்களிடம் இருக்கிறது.

குகை_சிப்பாய் எழுதியது:

நான் வருகிறேன். ஐஸ்கிரீம் கடை பக்கத்தில் இல்லாத இடமாகப் பாருங்கள்.